உள்ளாட்சிக்கு வரும் மைய நிதியும் அதன் அரசியலும்: சில குறிப்புகள்

1

2018 கோடையில் எங்கள் ஊர்க் காலனியில் போர் மோட்டார் எரிந்துபோயிற்று. நாலு நாள் பார்த்துவிட்டுப் பெண்கள் குடத்தோடு யூனியன் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். மனு எழுதத் தெரிந்தவன் என்பதால் நானும் கூடப் போனேன். ஊராட்சிக்கு அப்போது தலைவர் கிடையாது. பி.டி.ஓ.தான் தனி அலுவலர். அவர் பொறுப்பில் எங்கள் ஊரைப்போல இன்னும் பல ஊராட்சிகள்.

"பொய் சொல்லல சார். சென்ட்ரல்ல இருந்து நிதிக்குழு மானியம் வரல. மாநில நிதிக்குழுப் பணம் கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்குமே சரியாப் போயிருது. எலெக்‌ஷன் நடக்காத ஊருக்குப் பணம் இல்லைன்னு நிறுத்திட்டாங்க. எலெக்‌ஷன நானா நிறுத்தினேன்?" என்றார் அவர்.

வெளியே டீக்கடையில் அப்போதைய ஆளுங்கட்சிக்காரர் சொன்னார்: "கேஸ் போட்டது அவுங்க." எதிர்க்கட்சிக்காரர் சொன்னார்: "இட ஒதுக்கீட்டைச் சரியாப் பண்ணாம அவசரமா அறிவிச்சது இவுங்க." தில்லியை ஆள்கிற கட்சியின் கிளைச் செயலாளரும் அங்கே இருந்தார். "சட்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நாலு பேரும் உண்மையைச் சொன்ன பிறகும் தண்ணீர் வரவில்லை. மோட்டாரைக் கடைசியில் ஊரில் வசூல் பண்ணித்தான் மாற்றினோம். அரசியல் செல்வாக்கு என்றதும் ஒரு மந்திரி போன் போட்டுத் தன் தொகுதிக்குப் பணம் வாங்குவதைத்தான் நமது பொதுப்புத்தி கற்பனை செய்கிறது. அதுவும் நடக்கிறது. ஆனால் அன்று நான் கண்டது வேறு விதமான அதிகாரம். யாரும் யாருக்கும் உத்தரவிடாமல், விதியின் மொழியில், நாலு படிகளில் சிதறிக் கிடந்த அதிகாரம் அது. அதைப் புரிந்துகொள்ளும் முயற்சியே இக்குறிப்புகள். நான் பொருளாதாரம் படித்தவனல்ல. அரசாணைகளையும் நிதிக்குழு அறிக்கைகளையும் எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு வாசகனாகவே இதை எழுதுகிறேன்.

2

மைய அரசின் பணம் ஒரு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ வந்து சேர மூன்று வழிகள் உள்ளன. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

முதலாவது, நிதிக்குழு மானியம். 1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆம் திருத்தமும் அதே ஆண்டு ஜூன் 1 அன்று 74-ஆம் திருத்தமும் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் வழியாக அரசியல் சட்டத்தின் 280-ஆம் பிரிவில் ஒரு புதிய கடமை சேர்ந்தது. உள்ளாட்சிகளின் வளத்துக்குத் துணையாக மாநிலத்தின் தொகு நிதியை எப்படிப் பெருக்கலாம் என்று மைய நிதிக்குழு பரிந்துரைக்க வேண்டும். 'மாநிலத்தின் தொகு நிதியை' என்ற சொற்களைக் கவனியுங்கள். உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் 5-ஆவது இனம். ஆகவே பணம் நேரே ஊருக்குப் போகாது, கோட்டை வழியாகத்தான் போகும்.

10-ஆவது நிதிக்குழு முதன்முதலாக 5,381 கோடி ரூபாயை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கியது. ஊராட்சிகளின் பங்கான 4,381 கோடியைக் கிராமத்து ஆள் ஒருவருக்கு 100 ரூபாய் என்று 1971 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டார்கள். 11-ஆவது குழு 10,000 கோடி, 12-ஆவது 25,000 கோடி என்று அது ஏறியது. 14-ஆவது குழு (2015-20) 2,87,436 கோடி பரிந்துரைத்தது. 15-ஆவது குழு 2021-26 காலத்துக்கு 4,36,361 கோடி பரிந்துரைத்தது, அதில் ஊராட்சி அமைப்புகளுக்கு 2,36,805 கோடி.

பெரிய தொகைதான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் கிராம மக்கள்தொகை சுமார் 83 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 570 ரூபாய், நாளைக்கு ஒன்றரை ரூபாய். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, பாதை எல்லாவற்றுக்கும் ஒரு ஆளுக்கு மையம் இந்த வழியில் தருவது இவ்வளவே.

இரண்டாவது வழி, மையத்தின் திட்டங்கள். வீடு கட்டும் திட்டம், கழிப்பறைத் திட்டம், 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் குழாய்த் திட்டம் போன்றவை. எதற்குச் செலவழிப்பது, எந்த அளவில், எந்தப் பெயரில், சுவரில் யார் படம் என்பதெல்லாம் தில்லியில் முடிவாகிறது. உள்ளாட்சி இங்கே வேலையைச் செய்துமுடிக்கும் ஏஜெண்டு மாத்திரமே.

மூன்றாவது, நேரடி விருப்புரிமை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இதற்குத் தெளிவான உதாரணம். அதன் பிறந்த தேதி 1993 டிசம்பர் 23. உள்ளாட்சிகளை அரசியல் சட்டத்தின் அங்கமாக்கிய அதே ஆண்டில், உள்ளாட்சி செய்யவேண்டிய வேலைகளை எம்.பி. தன் பெயரில் செய்வதற்கு நரசிம்ம ராவ் அரசு ஒரு கணக்கும் திறந்துவைத்தது. முதல் ஆண்டு 5 லட்சம். அடுத்த ஆண்டே 1 கோடி. 1998-99-இல் 2 கோடி. 2011-12 முதல் 5 கோடி. எம்.பி. பரிந்துரைப்பார், கலெக்டர் செயல்படுத்துவார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பந்தலில் மாலையோடு நிற்பார். இந்தத் திட்டம் செல்லும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொரோனாவைக் காட்டி 2020-இல் நிறுத்தப்பட்டு 2021 நவம்பரில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஒரு கையில் அதிகாரப் பரவல், மறு கையில் அதை வெட்டும் கத்தரி. இதை முரண்பாடு என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அரசு இயங்கும் முறையே இதுதான் என்று தோன்றுகிறது.

3

இந்த மூன்று வழிகளில் கட்சி அரசியல் எங்கே அதிகம் புகுகிறது? ஆய்வாளர்கள் இதை எண்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்துதி கேமானி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, மைய அரசு மாநிலங்களுக்குத் தந்த நிதியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஆளுங்கட்சியின் விருப்பத்துக்கு இடம்தரும் நிதி, மையத்தில் ஆளும் கட்சியே ஆண்ட மாநிலங்களுக்குச் சாய்ந்திருந்தது. நிதிக்குழுவின் வழியே போன நிதியில் அந்தச் சாய்வு இல்லை, ஓரளவு அது எதிர்த்திசையிலும் வேலை செய்தது. 2009-இல் விஜி அருளம்பலமும் மூன்று சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. மையத்தோடு ஒரே கட்சி ஆள்வதோடு, தேர்தலில் இழுபறியாகவும் இருக்கிற மாநிலம், இரண்டும் இல்லாத மாநிலத்தைவிடச் சுமார் 16 விழுக்காடு கூடுதல் நிதி பெற்றது. வெறும் விசுவாசத்துக்கு மட்டும் கிடைக்கும் பரிசாக இதைக் கொள்ள முடியாது. எங்கே இன்னும் சில ஓட்டு விழுந்தால் ஜெயிக்கலாமோ அங்கே பணம் இறங்குகிறது. எப்படியும் நமக்குத்தான் ஓட்டுப் போடுவான் என்று கருதப்படுகிறவனுக்கும், எப்படியும் போடமாட்டான் என்று கருதப்படுகிறவனுக்கும் ஒரே கதிதான்.

இது இந்தியாவின் தனி நோய் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் 2019-இல் 3.6 பில்லியன் பவுண்டில் நகரங்களுக்கான நிதி ஒன்று அறிவிக்கப்பட்டது. அதிகாரிகள் 541 நகரங்களைத் தேவையின்படி வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். முதல் தட்டில் இருந்த 40 நகரங்களை அப்படியே எடுத்துக்கொண்ட அமைச்சர்கள், மீதி 61-ஐ நடுத்தட்டிலிருந்தும் கீழ்த்தட்டிலிருந்தும் தாங்களே பொறுக்கினார்கள். பட்டியல் வந்தது செப்டம்பரில், பொதுத்தேர்தல் டிசம்பரில். நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு 2020 நவம்பரில் இந்தத் தேர்வு முறையைக் கடுமையாகக் கண்டித்தது. வரிசையும் மதிப்பெண்ணும் பகட்டாக இருந்தாலும், கடைசி வெட்டு எவன் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படியானால் எல்லாவற்றையும் சூத்திரத்துக்கு விட்டுவிட்டால் அரசியல் ஒழிந்துவிடுமா? இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சூத்திரமும் ஒரு பிரதிதான். அதையும் யாரோ எழுதுகிறார்கள், எழுதும்போது சிலதைச் சேர்க்கிறார்கள், சிலதை அழிக்கிறார்கள். 13-ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கிடையே ஊராட்சி மானியத்தைப் பங்கிட்டபோது, மக்கள்தொகையில் தலித்துகள், பழங்குடியினர் விகிதத்துக்கு 10 விழுக்காடு எடை தந்தது. அதிகாரத்தை எவ்வளவு கீழே பகிர்ந்திருக்கிறது என்பதற்கும் ஒரு எடை வைத்தது. 14-ஆவது குழு எல்லாவற்றையும் எளிமையாக்கியது. 2011 மக்கள்தொகைக்கு 90, பரப்பளவுக்கு 10, அவ்வளவுதான். 15-ஆவது குழுவும் அதையே தொடர்ந்தது. 'எளிமை' என்ற சொல்லின் கீழ் தலித் என்ற சொல் காணாமல் போயிற்று.  ஒரு மந்திரியும் போன் போடவில்லை. ஆனாலும் இது அரசியல்தான்.

4

நிதிக்குழு மானியத்தில் அரசியல் நுழையும் இன்னொரு வாசல் நிபந்தனை. நிபந்தனைகளில் சில நியாயமானவை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புக்கே பணம் என்பது அவற்றில் ஒன்று. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243-உ பிரிவு சொல்கிறது. தேர்தலைத் தள்ளிப்போடும் மாநில அரசைத் தட்டிக்கேட்க மையத்தின் கையில் வேறு என்ன இருக்கிறது?

ஆனால் அடி யார்மேல் விழுகிறது? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுக் குறைபாடு தொடர்பாக தி.மு.க. தொடுத்த வழக்கில் அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அ.தி.மு.க. ஆட்சி அதன்பிறகு தேர்தலை நடத்தியது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதியில் மட்டும். பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி, அதாவது முழுதாக ஒரு பதவிக்காலமே காணாமல் போயிற்று. தேர்தல் நடக்காத அந்த ஆண்டுகளில் மையம் மானியத்தை நிறுத்திவைத்தது. கோட்டையில் ஒருவருக்கும் சம்பளம் நிற்கவில்லை. எங்கள் காலனியில் மோட்டார் நின்றது. குற்றம் ஒரு படியில், தண்டனை அதற்குக் கீழ்ப்படியில்.

இன்னொன்றும் நடந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்ற தமிழகச் சட்டத் திருத்தம் வந்தது 2016 தொடக்கத்தில். அந்த அக்டோபர் தேர்தல்தான் அதன் முதல் அறுவடையாக இருந்திருக்கும். எங்கள் ஊரில் ஒரு தங்கச்சி, காலனியைச் சேர்ந்தவர், தலைவர் பதவிக்கு மனுத்தாக்கல் செய்துவிட்டு வாக்குக் கேட்கத் தொடங்கியிருந்தார். மூன்று ஆண்டு காத்திருந்து 2019-இல் நின்று ஜெயித்தார்.

ஜெயித்த பிறகு ஒருநாள் சொன்னார்: "அண்ணே, சுடுகாட்டுக்குப் பாதை போடுறேன்னு சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். இப்பப் பணத்தக் கட்டிப்போட்டு அனுப்புறாங்கண்ணே. தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்கணுமாம். பொணத்தத் தூக்கிட்டு வயல்ல நடக்குறது எந்தக் கணக்குல வரும்?"

அவர் சொன்னது அப்படியே உண்மை. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊரக மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிவைத்தது. மேலே சொன்ன ஒன்றரை ரூபாயில் ஊர் தானாக முடிவெடுக்கக்கூடியது சுமார் அறுபது காசு. குடிநீர் முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியந்தான். எது முக்கியம் என்று யார் சொல்வது என்பதே இங்கே பிரச்சினை. மையத்தின் குழாய்த் திட்டமும் கழிப்பறைத் திட்டமும் ஏற்கெனவே எதற்காக ஓடிக்கொண்டிருந்தனவோ, அதற்கே ஊரின் சொந்த மானியத்தையும் திருப்பிவிடுகிறபோது, அரசியல் சட்டம் கொடுத்த முதல் வழி மெல்ல இரண்டாவது வழியாக மாறுகிறது.

நகரங்களுக்கு வேறு நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப அதை உயர்த்த வேண்டும். தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் 25 முதல் 150 விழுக்காடு வரை சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. காரணம் கேட்டபோது தி.மு.க. அரசு நிதிக்குழுவின் நிபந்தனையைக் காட்டியது. நிபந்தனை உண்மை. அது ஓட்டுக் கேட்கும்போது நினைவுக்கு வராமல் ஓட்டு எண்ணிய பிறகு நினைவுக்கு வந்ததும் உண்மை. நிபந்தனை என்பது மேலே இருப்பவனுக்குச் சாட்டை, நடுவில் இருப்பவனுக்குக் கேடயம்.

திட்ட நிதியில் நிபந்தனை இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. மேற்கு வங்கத்தில் முறைகேடு நடந்ததென்று கூறி 2022 மார்ச்சில் மைய அரசு நூறு நாள் வேலைத் திட்டப் பணத்தை நிறுத்தியது. முறைகேடு நடந்திருக்கலாம். செய்தவனைப் பிடித்து உள்ளே போடுவதற்கு வழியும் இருந்தது. ஆனால் மூன்று ஆண்டுக்கு மேல் மொத்த மாநிலத்தின் கூலிக்காரர்களுக்கும் வேலை இல்லாமல் போனது. 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம்தான் திட்டத்தை மீண்டும் தொடங்கச் சொல்லவேண்டி வந்தது.

5

இந்த இடத்தில் தமிழ்நாட்டு அறிவுஜீவிகளான நாம் வழக்கமாக மாநில சுயாட்சி என்ற முழக்கத்தோடு நிறுத்திக்கொள்வோம். 1969-இல் ராஜமன்னார் குழு அமைத்ததையும் 1974-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியதையும் நினைவூட்டுவோம். அவை பெருமைக்குரியவைதான். ஆனால் கோட்டைக்கு வந்த சுயாட்சி அதற்குக் கீழே இறங்க மறுப்பதை நாம் போதுமான அளவு பேசியதில்லை. மானியம் வந்த 10 வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிக்கு அனுப்பாவிட்டால் வட்டியோடு தரவேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழுக் காலத்து விதியில் எழுதவேண்டி வந்தது என்றால், மாநிலங்கள் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும்? 1989-இல் ராஜீவ் காந்தி கொண்டுவந்த 64-ஆம் திருத்த மசோதா மாநிலங்களைத் தாண்டிப்போகும் சூழ்ச்சி என்ற எதிர்ப்பில் மாநிலங்களவையில் தோற்றது. அந்தச் சந்தேகம் நியாயமானது. அதே சந்தேகத்தோடு ஒரு ஊராட்சித் தலைவர் சென்னையைப் பார்ப்பதும் நியாயமானதே.

14-ஆவது நிதிக்குழு மானியம் முழுவதையும் கிராம ஊராட்சிக்கே கொடுத்தது. தமிழ்நாட்டில் அது கட்சிச் சின்னம் இல்லாத படி. ஒன்றியமும் மாவட்டமும் கட்சிச் சின்னத்தில் நடக்கும் படிகள். 15-ஆவது குழு அவற்றையும் சேர்த்து, கிராமத்துக்கு 70 முதல் 85, ஒன்றியத்துக்கு 10 முதல் 25, மாவட்டத்துக்கு 5 முதல் 15 விழுக்காடு என வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் எது என்பதை மாநிலம் முடிவுசெய்யலாம். பரப்பிக் கொடுப்பதும் அதிகாரம், குவித்துக் கொடுப்பதும் அதிகாரம்.

கடைசிப் படி சாதி. தமிழ்நாட்டு ஊராட்சியில் காசோலைக்குத் தலைவர் கையெழுத்தோடு உபதலைவர் கையெழுத்தும் வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் உபதலைவர் ஆதிக்கச் சாதிக்காரராக இருந்தால், பேனாவைத் திறக்காமலே ஊரை நிறுத்திவிட முடியும். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று முருகேசன் கொல்லப்பட்டதும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலே நடக்கவிடாமல் செய்ததும் வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. பதவியோடு ஊர்ப் பணத்தின்மேலான உரிமையும் சேர்ந்து வருகிறது. கிராமத்தைக் குடியரசின் அலகாக்க அம்பேத்கர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் ஏன் மறுத்தார் என்பதை இங்கே வைத்துப் படிக்க வேண்டும். மையத்தை எதிர்க்கிற அவசரத்தில் கிராமத்தைப் புனிதமாக்கிவிட்டால், பணம் தில்லியில் நிற்பதற்குப் பதில் ஊர் மந்தையில் நிற்கும்.

எங்கள் ஊர்த் தங்கச்சிக்கு இது நடந்தது. இரண்டாம் ஆண்டில் கட்டப்படாத நிதியிலிருந்து சுடுகாட்டுப் பாதைக்கு ஜல்லி கொட்டத் தீர்மானம் போட்டார். பணமும் இருந்தது. கையெழுத்துக்கு ஏழு மாதம் நடந்தார்.

6

செய்யக்கூடியது என்ன என்று தோழர்கள் கேட்கிறார்கள். என்னிடம் பெரிய பதில் ஏதும் இல்லை. மூன்று கேள்விகள் மட்டும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் கிராம சபைக்கென அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அந்த மேடையில் இவற்றைக் கேட்கலாம்.

ஒன்று, இந்த ஆண்டு வந்த பணம் எந்த வழியில் வந்தது? நிதிக்குழுவா, திட்டமா, எம்.பி. நிதியா? 'அரசுப் பணம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பதிலை ஏற்கக் கூடாது. நிதிக்குழு மானியம் யாரும் போட்ட பிச்சை இல்லை, அரசியல் சட்டம் வழியாக வருவது. அதற்கு மாலை போடத் தேவையில்லை.

இரண்டு, கட்டிவைத்தது எவ்வளவு, கட்டாதது எவ்வளவு? கட்டாத பகுதியை எங்கே செலவழித்தார்கள், ஊரில் எந்தத் தெருவில்?

மூன்று, வரவேண்டியது வரவில்லை என்றால் எந்தப் படியில் நின்றது, எந்தத் தேதியிலிருந்து? நாலு பேரும் உண்மையைச் சொல்லித் தப்பிக்கும் விளையாட்டு தேதி கேட்டால் கஷ்டமாகிவிடும்.

27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடக்கவில்லை. மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். 2016-இல் வழக்குப் போட்ட கட்சி அந்த நேரத்தில் ஆளுங்கட்சி, 2016-இல் ஆண்ட கட்சி எதிர்க்கட்சி, டீக்கடையில் வசனங்கள் மட்டும் ஆள் மாறியிருந்தன. 2026 முதல் 2031 வரை 16-ஆவது நிதிக்குழுவின் காலம். அந்த அறிக்கையிலும் நிபந்தனைகளின் அத்தியாயத்தைத்தான் நான் முதலில் புரட்டுவேன்.

தங்கச்சி இப்போது முன்னாள் தலைவர். சுடுகாட்டுப் பாதை பாதிவரை வந்திருக்கிறது. மீதிப் பாதி வயல். போன மாதம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். ஜல்லி முடிந்த இடத்தில் பாடையைத் தோள் மாற்றிக்கொண்டு வரப்பில் இறங்கினார்கள். பக்கத்தில் வந்த அவர், "இதுக்கு மேல எவ்வளவு அடி பாக்கின்னு அளந்து வச்சிருக்கேண்ணே" என்றார். "எந்தக் கணக்குல கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அடுத்த கிராம சபைக்கு அந்த அளவை எழுதி எடுத்துப் போகிறோம்.